காண்டலும் உரையும்: பஞ்சாங்கக் கணிதத்தின் வரலாறு

தமிழகத்தில் கோயில் திருவிழாவும் வீட்டு விரதமும், முன்னோர்க்குச் செய்யும் திதியும் திருமண முகூர்த்தமும் ஞாயிறும் திங்களும் வானில் நிற்கும் நிலையைக் கொண்டே குறிக்கப்படுவதால், சமய ஒழுக்கம் இங்கே தொடக்கம் முதலே வானியல் கணக்கைச் சார்ந்து வளர்ந்தது. அந்தக் கணக்கைத் தரும் நூல் பஞ்சாங்கம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளை உடையது என்பது அப்பெயரின் பொருள். இவற்றுள் திதி என்பது திங்கள் ஞாயிற்றை விட்டு 12 பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் காலம். ஓர் அமாவாசை முதல் அடுத்த அமாவாசை வரை இத்தகைய திதிகள் 30. திங்களின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் உண்டு, 26 மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. ஆகவே ஏகாதசி விரதம் எந்த நாளில், தந்தையின் சிராத்தம் எந்த நாளில் என்ற கேள்விக்கு விடை சொல்லப் பக்தியோடு திங்களின் இருப்பிடத்தைக் கணித்தறியும் அறிவும் வேண்டியிருந்தது.

அறிவியலும் சமயமும் பகைகொண்டு நிற்பவை என்ற எண்ணம் பெரும்பாலும் ஐரோப்பிய வரலாற்றிலிருந்து, குறிப்பாக 1633இல் கலிலியோ திருச்சபையின் விசாரணைக்கு உள்ளான நிகழ்விலிருந்து, பெறப்பட்டது. ஆனால் பஞ்சாங்கத்தின் வரலாற்றில் வானத்தைக் கணித்தவர்களும் சடங்கைச் செய்தவர்களும் ஒரே சமூகத்தார்; பல வேளைகளில் ஒருவரே இரண்டையும் செய்தார். சைவ சித்தாந்தம் அறிவைப் பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுக்கும். புலன்களால் நேரே அறிவது காண்டல். கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தகுந்த நூலின் சொல் உரை. முன்னோர் எழுதிவைத்த கணக்கு என்னும் உரைக்கும், வானில் இன்று தெரியும் காட்சிக்கும் முரண் தோன்றும்போது எதைக் கொண்டு எதைத் திருத்துவது என்பதே பஞ்சாங்கக் கணிதரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டு நின்ற கேள்வி.

தென்னாட்டுக் கணிதமுறையின் அடிப்படை வாக்கியம் எனப்படும். இங்கு வாக்கியம் என்பது எண்களை எழுத்துகளில் மறைத்து வைத்த சிறு சொற்றொடர். கடபயாதி என்னும் குறிமுறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சொல்லில் எழுத்துகள் தரும் எண்களை வலமிருந்து இடமாக அடுக்கினால் தொகை கிடைக்கும். ‘ராம’ என்ற சொல்லில் ரகரம் 2, மகரம் 5. ஆகவே அச்சொல் 52ஐக் குறிக்கும். திங்கள் புவிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகிறது; இத்தகைய 9 சுற்றுகள் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள்களில் முடிகின்றன. நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர், ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே எந்த நாளிலும் திங்களின் இடத்தைச் சொல்ல முடிந்தது. வரருசி என்பவர் பெயரால் வழங்கும் இந்தத் தொகுதி கேரளத்திலும் தமிழகத்திலும் பரவியது. வாக்கிய முறையில் பஞ்சாங்கம் கணிப்பதற்கான விதிகளைத் தொகுத்த வாக்கியகரணம் என்னும் நூல் 1300ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சிப் பகுதியில் எழுந்ததாக அறிஞர்கள் கருதுகின்றனர்.

இந்த முறை பிறந்ததே ஒரு திருத்தத்திலிருந்து என்பது இவ்வரலாற்றில் முதன்மையான செய்தி. ஆரியபடர் 499ஆம் ஆண்டையொட்டி வகுத்த எண்கள் நாளடைவில் வானோடு பொருந்தாமல் போனதைக் கண்ட அரிதத்தர், 683இல் பரகிதம் என்னும் திருத்தமுறையைக் கேரளத்தில் அமைத்தார். ‘பிறர் நன்மைக்கானது’ என்பது அப்பெயரின் பொருள். எளிய மக்களும் தங்கள் கடமைகளை உரிய காலத்தில் செய்ய உதவ வேண்டும் என்ற நோக்கம் பெயரிலேயே அமைந்திருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் 248 வாக்கியங்களையும் மேலும் நுட்பமாக, பாகையின் மிகச்சிறு கூறுகள் வரை, புதிதாக ஆக்கினார். அவருடைய மாணவரான வடசேரிப் பரமேசுவரர் பாரதப்புழைக் கரையில் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் நோக்கி, பரகிதக் கணக்கும் வழுவியதைக் கண்டு, 1431இல் திருக்கணிதம் என்னும் நூலை இயற்றினார். ‘திருக்’ என்ற வடசொல் பார்வையைக் குறிக்கும். கண்ணுக்குப் புலனாவதோடு ஒத்துப்போகும் கணிதம் திருக்கணிதம். மேலைநாட்டு வானியல் இந்நிலத்தில் கால்வைப்பதற்கு முன்பே இச்சொல்லும் அதன் கருத்தும் வேரூன்றியிருந்தன.

இந்தத் திருத்த மரபுக்குச் சமயத் தத்துவத்தின் மொழியில் நியாயம் கூறியவர் பரமேசுவரரின் மகன் தாமோதரரிடம் பயின்ற நீலகண்ட சோமயாஜி. 1444இல் பிறந்து திருக்கண்டியூரில் வாழ்ந்த அவர், சோமயாகம் செய்து முடித்தமையால் சோமயாஜி என்னும் பட்டம் பெற்றவர்; ஆகவே வேதச் சடங்குகளை வெளியே நின்று பார்த்தவர் அல்லர். 1500ஆம் ஆண்டையொட்டித் தந்திரசங்கிரகத்தை எழுதிய அவர், சோதிர்மீமாம்சை என்னும் மற்றொரு நூலில், வானியல் நூல்களின் எண்கள் தெய்வம் அருளியவை, ஆதலால் மாற்றக்கூடாதவை என்று வாதிட்டவர்களுக்கு விடையளித்தார். காண்டலாலும் கருதலாலும் பெறப்பட்ட எண்களைப் பின்வந்தோர் கிரகணங்களைக் கொண்டு சோதித்துத் திருத்த வேண்டும் என்பதும், அவ்வாறு திருத்துவது நூலை இகழ்வதாகாது என்பதும் அவர் நிலைப்பாடு. ஆரியபடருக்குப் பிரமன் அருள் செய்தான் என்ற மரபுச் செய்தியை அவர் மறுக்கவில்லை. பிரமன் நேரில் வந்து எண்களை ஓதிக்கொடுத்தான் என்று அதற்குப் பொருள் கொள்ளாமல், தெய்வத்தின் அருள் அறிவைத் தெளிவாக்குகிறது என்றும் அந்தத் தெளிவைக் கொண்டு மனிதனே ஆராய்ந்து காண்கிறான் என்றும் விளக்கினார். நம்பிக்கையையும் பகுத்தறிவையும் இணைத்து இந்நாட்டு வானியலாளர் ஒருவர் கூறியவற்றுள் இதனினும் ஆழமானதைக் காண்பது அரிது. அருள் இங்கே ஆராய்ச்சிக்குத் தடையாகாமல் அதன் ஊற்றாகிறது.

நீலகண்டரின் சிந்தனை மலையாள நாட்டோடு நின்றுவிடவில்லை. வாக்கியகரணத்துக்கு லகுபிரகாசிகை என்னும் உரை வகுத்த தமிழகத்து வானியலாளர் சுந்தரராசர் தம் ஐயங்களை அவருக்கு எழுதியனுப்பினார் என்றும், நீலகண்டர் அவற்றுக்கு அளித்த விடைகள் தனி நூலாகவே அமைந்தன என்றும் அறியப்படுகிறது. ஆயினும் தமிழகத்தில் வாக்கியங்களை ஓதும் வழக்கம் நிலைத்த அளவுக்கு அவற்றை வானோடு ஒப்பிடும் வழக்கம் நிலைக்கவில்லை.

ஓதும் வழக்கம் எவ்வளவு வலுவானது என்பதற்கும் எங்கே நலிந்திருந்தது என்பதற்கும் புதுச்சேரியிலிருந்து இரு சான்றுகள் கிடைக்கின்றன. 1769இல் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் நிகழ்வைக் காண வந்து, மேகத்தால் அதைக் காண இயலாமல் போன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், அங்கிருந்த காலத்தில் தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறை 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி மிகையாகவும் தந்ததை அவர் பதிவுசெய்தார். பின்னர் சென்னை வான்காணகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை நினைவிலிருந்தே எடுத்துக் கிரகணம் கணித்த ஒரு பஞ்சாங்கக்காரரின் முறையை விவரித்தார். அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் தொடக்கத்தை அக்கணிதர் 4 நிமிடப் பிழையோடும், நடுவை 23 நிமிடப் பிழையோடும், முடிவை 52 நிமிடப் பிழையோடும் சொன்னார். நினைவாற்றலின் வியத்தகு வெற்றி அது. ஆனால் அக்கணக்கின் அடிப்படைக் கொள்கையை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதினார். காரணம் தெரியாமல் காக்கப்படும் முறையைத் திருத்த யாராலும் இயலாது. உரை காண்டலிலிருந்து பிரிந்து நின்ற நிலை அங்கே வெளிப்படுகிறது.

வாக்கியக் கணக்கு கிரகணத்தில் ஓரளவு சரியாகவும் பிற நாள்களில் வழுவியும் நிற்பதற்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. ஞாயிற்றின் ஈர்ப்பால் திங்களின் ஓட்டத்தில் ஏற்படும் ஒரு பெரிய மாற்றம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பழைய கணக்கின் எண்ணிலேயே அடங்கிவிடுகிறது. அட்டமியை ஒட்டிய நாள்களில் அது முழுமையாக வெளிப்பட்டு, திதியின் முடிவைச் சில மணி நேரம் முன்பின்னாக மாற்றுகிறது. பழைய எண்கள் கிரகணங்களைக் கொண்டே சோதிக்கப்பட்டமையால் இந்தப் பிழை நெடுங்காலம் மறைந்திருந்தது. மஞ்சுளர் 932இல் இயற்றிய லகுமானசத்தில் இதற்கான திருத்தத்தைக் கொடுத்திருந்தும் தென்னாட்டுப் பஞ்சாங்கங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு திதி 60 நாழிகையிலிருந்து 5 நாழிகை கூடலாம், 6 நாழிகை குறையலாம் என்ற வாய்பாடு மரபில் நிலைத்தது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே இவ்வாய்பாட்டின்படி திதி 54 முதல் 65 நாழிகை வரைதான் இருக்க முடியும். வானில் திங்கள் இந்த எல்லைகளைக் கடந்து செல்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முரணை வெளிப்படையாக எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்து சென்னை வான்காணகத்தில் பணியாற்றி, 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்த அவர், 1874இல் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பைப் பற்றி மக்களுக்காக நூல் எழுதியதோடு, புதிய வானியல் எண்களைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். அதே காலத்தில் ஒடிசாவின் கண்டபாடாவில் வாழ்ந்த சமந்த சந்திரசேகரர், தொலைநோக்கியின்றி மூங்கிலாலும் மரத்தாலும் ஆன கருவிகளால் திங்களின் ஓட்டத்தை அளந்து, சித்தாந்த தர்ப்பணத்தை வடமொழிப் பாடல்களாக இயற்றினார். அது 1899இல் அச்சாயிற்று. பூரி ஜகந்நாதர் கோயிலின் சடங்குகளுக்கு அவருடைய கணக்கு ஏற்கப்பட்டது. திருத்தத்தை ஏற்றதால் அக்கோயிலின் பக்தி எள்ளளவும் குறையவில்லை.

திருத்தத்தை எதிர்த்தவர்களின் வாதத்தையும் மதிப்போடு கேட்க வேண்டும். கிரகணம் கண்ணுக்குத் தெரிவது, ஆகவே அதற்குக் கண்ணோடு ஒத்த கணிதம் வேண்டும்; விரதமும் சிராத்தமும் தரும் பயன் கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே அதற்கு முன்னோர் நூல் சொன்ன கணிதமே உரியது என்று அவர்கள் இரண்டையும் பிரித்தனர். தலைமுறை தலைமுறையாக ஊர் முழுவதும் ஒரே நாளில் கூடிச் செய்த கடமையை எண்களின் பொருட்டுக் கலைக்கக்கூடாது என்ற கவலையும் அவ்வாதத்துக்குள் இருந்தது. அது பொய்யான கவலையன்று. ஆனால் பயன் கண்ணுக்குத் தெரியாததாயினும், அதற்குரிய காலத்தை நூல் திங்களையும் ஞாயிற்றையும் கொண்டே வரையறுக்கிறது. வானில் இன்னும் பிறக்காத திதியைப் பிறந்ததாகக் கொண்டு செய்யும் சடங்கு, நூலின் எழுத்தைக் காத்து அதன் பொருளை விட்டுவிடுகிறது.

விடுதலைக்குப் பின் 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, நாட்டில் சுமார் 30 நாட்காட்டிகள் வழங்குவதைக் கண்டு, 1955இல் தன் அறிக்கையை அளித்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலில் அது இடம்பெற்றாலும், கோயிலையும் வீட்டையும் பழைய வழக்கமே ஆண்டது. தமிழகக் கோயில்களில் பெரும்பாலானவை இன்றும் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17இல் கும்ப ராசியில் நுழைய, வாக்கியப்படி திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20இல் நடைபெற்றது. சனி ஒரு பாகை நகர ஏறத்தாழ ஒரு மாதம் ஆவதால், இருப்பிடத்தில் சில பாகையாக உள்ள வேறுபாடு நாளில் பல மாதங்களாக விரிகிறது. கிரகண நேரத்துக்கு மட்டும் வாக்கியக் கணிதர் பலரும் திருக்கணித எண்களை எடுத்துக்கொள்கின்றனர். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் நிகழ்வில் காண்டலின் தீர்ப்பை மறுக்க யாரும் துணிவதில்லை.

வாக்கியமும் திருக்கணிதமும் ஒன்று சமயத்துக்கும் மற்றது அறிவியலுக்கும் உரியவை என்று பிரித்துப் பேசுவது இவ்வரலாற்றுக்குப் பொருந்தாது. இன்று பழமை என்று போற்றப்படும் வாக்கியமும் தன் காலத்தில், வானோடு பொருந்தாத எண்களை மாற்ற வேண்டும் என்ற அக்கறையால் வளர்ந்த திருக்கணிதமே. அரிதத்தரும் மாதவரும் பரமேசுவரரும் உரிய காலத்தில் வழிபட வேண்டும் என்ற பற்றினாலேயே இரவுகள்தோறும் வானைப் பார்த்தனர். அந்தப் பார்வையை நிறுத்திவிட்டு அவர்கள் விட்டுச்சென்ற எண்களை மட்டும் காப்பது, அவர்கள் தொடங்கிய பணியைப் பாதியில் விடுவதாகும். தெய்வத்தின் அருள் அறிவுக்குத் தெளிவாக வருகிறது என்ற நீலகண்டரின் சொல்லை ஏற்கும் நம்பிக்கையாளருக்கு, பிழையான ஓர் எண்ணைத் திருத்துவதும் அந்த அருளைப் பெற்றுக்கொள்ளும் வழியே.