தாக்கெரியா

தாக்கெரியா என்பது டாக்கோ என்னும் உணவை முதன்மையாக விற்கும் எளிய மெக்சிக்க உணவகம் ஆகும். எசுப்பானிய மொழியில் இச்சொல் "டாக்கோக் கடை" எனப் பொருள்படும். தெருவோர வண்டி முதல் மேசை நாற்காலி உள்ள கடை வரை பலவும் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன.

உணவும் உண்ணும் முறையும்

தோர்த்தியா எனும் மெல்லிய மக்காச்சோள அடையின் மேல் இறைச்சி, மீன், அவரை விதை போன்றவற்றை வைத்து மடித்தால் அது டாக்கோ. வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு, சல்சா எனும் மிளகாய்த் துவையல் ஆகியன உடன் சேர்க்கப்படும். டாக்கோ கையால் உண்ணப்படுகிறது. பல கடைகளில் நின்றுகொண்டே உண்பர்.

மரபு முறையில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைக்கின்றனர். இதனால் மேல்தோல் நீங்குவதுடன், தானியத்தில் பிணைந்துள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கும் நிலையும் உண்டாகிறது. ஐரோப்பியர் இத்தானியத்தைக் கொண்டுசென்றனர், இம்முறையைக் கைக்கொள்ளவில்லை. பின்னர் வட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலகரா நோயால் பெருமளவில் மாண்டனர்.

கலப்பு உணவுகள்

தாக்கெரியாக்களில் புகழ்பெற்ற "அல் பாசுத்தோர்" டாக்கோ குடியேறியோர் வழி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லெபனான் முதலிய ஒட்டோமான் பேரரசுப் பகுதிகளில் இருந்து வந்தோர், செங்குத்தான கம்பியில் இறைச்சியைச் சுழற்றி வாட்டும் முறையைக் கொண்டுவந்தனர். புவெப்லா நகரில் இது "அரபு டாக்கோ" ஆயிற்று. மெக்சிக்கோ நகரில் ஆட்டிறைச்சிக்கு மாற்றாகப் பன்றி இறைச்சியும், உலர்ந்த மிளகாயும் அச்சியோட்டே எனும் செந்நிற விதையும் அரைத்த மசாலையும், அன்னாசித் துண்டும் சேர்ந்தன. "இடையர் முறையில்" என்பதே இதன் பெயர்ப் பொருள்.

இந்த ஒரு டாக்கோவில் மக்காச்சோளமும் மிளகாயும் மெக்சிக்கோவுக்கு உரியவை; அன்னாசி தென் அமெரிக்காவுக்கு உரியது; பன்றி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியன எசுப்பானியருடன் வந்தவை. தமிழர் சமையலில் இன்றியமையாத மிளகாயும் இதே கடல்வழித் தொடர்புகளால், எதிர்த்திசையில் வந்து சேர்ந்ததாகும்.

2008இல் லாசு ஏஞ்சலசு நகரில், சியோலில் பிறந்த ராய் சோய் தொடங்கிய கோகி உணவு வண்டி, கொரிய முறையில் வாட்டிய மாட்டிறைச்சியைத் தோர்த்தியாவில் வைத்து விற்றுப் புகழ்பெற்றது.

ஏற்பு

இத்தகைய கலப்பை மரபுக் கேடு எனச் சிலர் கருதுகின்றனர். ஆயினும் இன்று மரபு எனப் போற்றப்படும் அல் பாசுத்தோரும் ஒரு காலத்துக் கலப்பே. 2010இல் மெக்சிக்க மரபுச் சமையல் யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2024இல் மெக்சிக்கோ நகரின் எல் கலிஃபா தெ லெயோன் என்னும் சிறிய தாக்கெரியா மிச்செலின் விண்மீன் தகுதி பெற்றது.