எண்ணிக்கை என்னும் மருந்து: வன்னி மருத்துவர்களும் அறத்துயரும்

2009 ஜூலை 8 அன்று கொழும்பில், பாதுகாப்பு அமைச்சின் ஊடக மையத்தில், சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா உள்ளிட்ட ஐந்து டாக்டர்கள் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்காரவைக்கப்பட்டார்கள். மே நடுவிலிருந்து அவர்கள் காவலில் இருந்தவர்கள். வன்னியிலிருந்து தாங்கள் சொன்ன சாவுக் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் நெருக்குதலால் சொன்னவை, இறந்த பொதுமக்கள் சில நூறு பேர்தான் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் பிணை கிடைத்தது.

இந்தக் காட்சியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பேசியவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: எந்தக் கணக்கு உண்மை? நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர்களைச் சாட்சிக்கூண்டில் மட்டுமே நிறுத்திப் பார்க்கிற கேள்வி இது. அந்த மேசையை ஒரு மருத்துவமனையின் கடைசி அறையாகப் பார்க்க முடியும் என்பதே என் வாதம்.

மருத்துவ அறவியலில் ஒரு சொல் உண்டு. தமிழில் 'அறத்துயர்' என்று வைத்துக்கொள்ளலாம். 1984இல் அமெரிக்கரான ஆண்ட்ரூ ஜேம்டன் செவிலியர்களை மனதில் வைத்து உருவாக்கியது. எது சரியென்று தெரியாமல் குழம்புவது வேறு. சரியெது என்று தெளிவாகத் தெரிந்தும் அதைச் செய்யவிடாமல் அமைப்பு கையைக் கட்டிப்போடுவது வேறு. இந்த இரண்டாவதைத்தான் அவர் குறித்தார். சொல் செவிலியரிடமிருந்து தொடங்கியது தற்செயல் அல்ல. உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். டாக்டர் உத்தரவு போடுகிறவர் என்ற நினைப்பு நமக்கு. அரசு என்று ஒன்று குறுக்கே வந்ததும் அந்தப் படிநிலை அப்படியே இடிந்துவிடுகிறது. இன்று இந்தச் சொல்லை மனச்சோர்வு, வேலைப்பளு என்ற கணக்கில் சேர்த்து, தியான வகுப்பு நடத்தித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறார்கள். துயரை டாக்டரின் நெஞ்சுக்குள் தேடுகிற வேலை இது. வன்னியில் அது நெஞ்சுக்குள் விளைந்ததல்ல, வெளியே தயாரிக்கப்பட்டது. எப்படி என்று பார்க்க வேண்டும்.

2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. 2009 தொடக்கத்தில் புலிகளின் பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது. போர் முடிந்தபோது மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். நடுவில் இருக்கிற வித்தியாசம் வெறும் புள்ளிவிவரப் பிழை இல்லை. எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் அரிசி போகும், மருந்து போகும். ஆளைக் குறைத்துச் சொன்னால் மருந்தைக் குறைக்கலாம். இந்தக் குறைப்பு திட்டமிட்டது என்ற முடிவுக்கே 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவும் வந்தது. ஆக, தலையை எண்ணுவதே அங்கே ஒரு சிகிச்சை. 2009 மார்ச்சில் வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சுகாதார அமைச்சுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆண்டிபயாடிக் இல்லை, மயக்கமருந்து இல்லை, ஒரு பாட்டில் சலைன்கூட வரவில்லை, இருந்திருந்தால் மருத்துவமனையில் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் சாரம். ஊடகத்திடம் பேசியதற்காக அமைச்சு ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டியது. சம்பளம் தருகிற அரசே குண்டும் போடுகிறது. அந்த அரசிடமே மருந்தும் கேட்டாக வேண்டும்.

மருத்துவமனை என்றேன். புதுக்குடியிருப்பிலிருந்து பிப்ரவரியில் காலிசெய்து, புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கு என்று ஓடிக்கொண்டே இருந்த ஒன்று அது. மருத்துவமனை இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளைச் செஞ்சிலுவை வழியாக ராணுவத்துக்குத் தெரிவிப்பது போர்க்கால வழக்கம். அடிக்காமல் இருப்பதற்காக. தெரிவித்த பிறகும் ஷெல் விழுந்தது. டிசம்பரிலிருந்து மே தொடக்கத்துக்குள் குறைந்தது 30 தாக்குதல்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. கடைசியில், நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிற நிலைக்கு வந்தார்கள். காப்பாற்ற வேண்டிய சட்டமே குறிபார்க்கும் கருவியாகிவிட்டது என்று ஒரு டாக்டர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது! எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது?

ஃபனான் இதற்கு முன்பே ஒரு வாசலைத் திறந்துவைத்தார். அல்ஜீரியப் போரில் ஆண்டிபயாடிக், ஈதர், ஆல்கஹால், டெட்டனஸ் தடுப்பு மருந்து ஆகியவற்றின் விற்பனையைப் பிரெஞ்சு நிர்வாகம் முடக்கியதையும், சித்திரவதையில் செத்தவருக்கு இயற்கைச் சாவு என்று டாக்டர்கள் சான்று எழுதியதையும் 1959இல் விரிவாக எழுதினார். அவரால் 1956இல் பிளிதா மருத்துவமனை வேலையை உதறிவிட்டு வெளியேற முடிந்தது. வன்னி டாக்டர்களுக்கு அந்த வழியும் இல்லை. போக விரும்பிய மக்களைப் புலிகள் தடுத்தார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள். காயம்பட்டு வந்த பிள்ளையைக் குணப்படுத்தினால் மறுபடி எங்கே அனுப்பப்படும் என்பது டாக்டருக்குத் தெரியாதா? இதைச் சொல்லத் தயங்குகிற தமிழகத்து ஈழப் பேச்சு அந்த டாக்டர்களுக்கு எந்த மரியாதையும் செய்வதில்லை. எங்கள் ஊர், செஞ்சி பக்கத்து அனந்தபுரம். 2009 ஏப்ரலில் ஆனந்தபுரம் சண்டைச் செய்தி பேப்பரில் வந்தபோது "நம்ம ஊர் பேராச்சே" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஒரு நெட்டெழுத்துத்தான் வித்தியாசம். அந்த உறவுணர்வு பொய்யில்லை. ஆனால் அது களத்தைப் பற்றியே கேட்டது, வார்டைப் பற்றிக் கேட்கவில்லை.

இருதரப்பையும் சொன்ன டாக்டர் ஒருவர் நம்மிடம் இருந்தார். ரஜனி திராணகம, யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர், 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1987 அக்டோபர் 21, 22இல் யாழ் மருத்துவமனைக்குள் இந்திய ராணுவம் புகுந்து நோயாளிகளும் ஊழியர்களுமாக ஏறக்குறைய 70 பேரைக் கொன்றது. கையைத் தூக்கியபடி வெளியே வந்த டாக்டர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். நம் வரிப்பணத்தில் போன ராணுவம். அதைப் பதிவுசெய்த அந்த நூல் புலிகளையும் விடவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று ரஜனி சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றது புலிகள் என்பதே அவருடைய சகாக்களின் முடிவு.

இதெல்லாம் போர்க்களத்து விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்துக் கொண்டுவந்த ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்கள் என்று சான்று கொடுக்கப்பட்டது. மூன்றே நாளில் இருவரும் செத்துப்போனார்கள். அந்தச் சான்றும் கொழும்பு மேசையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உடம்பில் கண்டதைக் காணவில்லை என்று டாக்டரின் வாயாலேயே சொல்லவைப்பது. அதிகாரத்துக்கு டாக்டரின் கையைவிட அவருடைய வாய்தான் அதிகம் தேவைப்படுகிறது. ஆயுதம் வைத்திருப்பவன் சொன்னால் ஊர் நம்பாது, ஸ்டெதஸ்கோப் வைத்திருப்பவர் சொன்னால் நம்பும்.

ஆகவே ஜூலை 8 வாக்குமூலத்தை எண்ணிக்கை பற்றிய ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் சலைனை மறுத்தார்கள், பிறகு இடத்தை, கடைசியில் எண்ணியதையே மறுக்கவைத்தார்கள். டாக்டர்கள் முள்ளிவாய்க்காலைவிட்டு வெளியேறியது மே 15 அன்று. போர் முடிந்தது 18, 19இல். நடுவிலுள்ள அந்த நாட்களில் அங்கே எண்ணுவதற்கு ஒரு மருத்துவமனையும் இருக்கவில்லை.