வறண்ட பாறையும் வந்து சேர்ந்த நீரும்: ஹோல்ஸ்னோய் தீவின் சான்று

உருமாற்றப் பாறைகளைப் பற்றிய பாடம் வெப்பநிலை, அமுக்கம் என்ற இரண்டில் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. நீர் அதில் ஓரமாக நிற்கிறது. நார்வேயின் பெர்கன் நகருக்கு வடமேற்கே உள்ள ஹோல்ஸ்னோய் தீவைக் கண்டவர்கள் நீருக்கு அந்த இடம் போதாது என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

அத்தீவின் கிரானுலைட் ஏறத்தாழ 93 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் உருவாகி, நீர் வற்றிய பாறையாக நின்றது. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கலிடோனிய மலையாக்கம் அதை ஏறத்தாழ 50 கி.மீ. ஆழத்துக்கோ அதற்கும் கீழேயோ அமிழ்த்தியது. அங்கு, 700 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், அது முழுவதும் உயர் அமுக்கத்தில் உருவாகும் அடர்ந்த பாறையான எக்லோகைட்டாகியிருக்க வேண்டும். ஆனால் பரந்த பகுதிகள் இன்றும் கிரானுலைட்டாகவே இருக்கின்றன. விரிசல்களை ஒட்டியே மாற்றம் நிகழ்ந்துள்ளது: சில செ.மீ. அகலக் கீற்றுகள் முதல் நூறு மீட்டரைத் தாண்டும் பட்டைகள் வரை. ஹோகோன் ஆஸ்ட்ரைம் 1987இல் இதை விரிவாக எழுதினார். கீற்றும் அதை ஒட்டிய பாறையும் சென்ற ஆழம் ஒன்று, கண்ட சூடும் ஒன்று. நீர் எட்டிய பக்கம் மட்டும் மாறியது.

நீர் அங்கு இரண்டு வேலைகளைச் செய்தது. கிரானுலைட்டிலுள்ள பிளஜியோகிளேஸ் கனிமத்தின் கால்சியப் பங்கு நீரோடு சேர்ந்து சோய்சைட், கயனைட், குவார்ட்ஸ் ஆகிறது. நீர் இல்லையேல் இந்த வினையே இல்லை. சோடியப் பங்கு ஜேடைட்டும் குவார்ட்சுமாகப் பிரிய ஒரு துளி நீரும் செலவாகாது. ஆயினும் வறண்ட பாறையில் அதுவும் நின்றுபோனது. அயனிகள் துகள் எல்லைகளைக் கடக்க நீர் வேண்டியிருந்தது. இந்த இரண்டாவது வேலையே முக்கியமானது என்பது என் கருத்து. வினையில் பங்கேற்காத இடத்திலும் வினை நடப்பதா இல்லையா என்பதை நீரே முடிவு செய்கிறது.

பாறை நசுங்கி இழுபட்டதே மாற்றத்துக்குக் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. கதவைத் திறந்தது விரிசல்தான். பழைய நிலநடுக்கங்களின் உராய்வில் உருகி உறைந்த கண்ணாடி போன்ற கீற்றுகளும் அத்தீவில் உள்ளன. ஆனால் பல இடங்களில் கிரானுலைட்டின் பழைய வரியமைப்பு கலையாமல் எக்லோகைட்டுக்குள்ளும் தொடர்கிறது. அங்கே இழுபடல் இல்லை, மாற்றம் மட்டும் இருக்கிறது. மாறிய பாறை வலுவிழந்ததால் பின்வந்த அசைவுகள் அதிலேயே குவிந்தன. எனவே பெரும்பட்டைகளின் இழுபடலில் பெரும்பங்கு மாற்றத்தின் விளைவு.

ஹோல்ஸ்னோய் சேர்ந்த பாறைத் தொகுதியில் சார்னோகைட் என்ற வறண்ட பாறையும் உண்டு. அப்பெயர் நம் பல்லாவரத்துப் பாறைக்கு முதலில் இடப்பட்டது. வறண்ட பாறைகளிடையே வேலை செய்யும் நம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு நிலத்தில் எக்லோகைட் இல்லை என்பதை மட்டும் வைத்து அது ஆழம் சென்றதில்லை என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நீர் சென்றதா என்பதை முதலில் பாருங்கள்.