திருவேங்கடக் கோட்டத்தில் ஊராட்சி

ஊராட்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று நம்மில் பலர்க்கும் நினைவுக்கு வருவது தேர்தலேயாம். ஊர்வலமும் வாக்குச்சாவடியும் வெற்றி மாலையுமாக அஃது ஒரு நாளில் முடிந்துவிடுகின்றது. ஆயின், ஏரிக்கரையைக் காப்பது, வரி தண்டுவது, பொதுப்பணத்தைப் பேணுவது, செலவுக்குக் கணக்குக் காட்டுவது ஆகிய அன்றாட வேலைகளே ஊராட்சியின் உயிர். இவ்வுண்மையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நன்கு அறிந்திருந்தனர். அதற்குச் சான்று தேடித் தஞ்சைக்கோ மதுரைக்கோ நாம் செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இப்பகுதியின் கற்சுவர்களிலேயே அது பொறிக்கப்பட்டுள்ளது.

இன்றைய திருப்பதியும் அதன் சுற்றுப்புறமும் சோழர் காலத்தில் தொண்டை மண்டலத்துத் திருவேங்கடக் கோட்டத்தைச் சேர்ந்திருந்தன. திருமலைக் கோயிற் கல்வெட்டுக்களுள் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. அவற்றைத் தேவஸ்தானத்தார் 1930களில் நூல் வரிசையாக வெளியிட்டனர். அவற்றில் அடிக்கடி வரும் பெயர்களுள் ஒன்று திருச்சுகனூர். அதுவே இன்று பத்மாவதித் தாயார் கோயில் கொண்டருளும் திருச்சானூர். அவ்வூரில் ஒரு சபை இருந்தது.

அந்நாளில் ஊர்ப் பொதுமன்றங்கள் மூவகைப்பட்டன. பிரமதேயங்களில் சபையும், வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களில் ஊரும், வணிகர் இருக்கைகளில் நகரமும் பொதுக் காரியங்களை நடத்தின. இவை வெறும் பேச்சு மன்றங்கள் அல்ல. அடியார் ஒருவர் கோயிலில் விளக்கெரிக்க விரும்பினால், பொன்னையோ ஆடுகளையோ நிலத்தையோ கொடுப்பார். பொன்னைச் சபையார் ஏற்றுக்கொண்டால், அதன் வருவாயிலிருந்து நாள்தோறும் விளக்கெரிக்கும் பொறுப்பும் அவர்களைச் சார்ந்துவிடும். கொடுத்தவர் மறைந்த பின்னும், வாங்கிய சபையினர் மாறிய பின்னும், விளக்கு எரிந்துகொண்டிருத்தல் வேண்டும். இன்றைய வங்கியின் வேலையும் அறநிலையத்தின் வேலையும் ஊர்ச்சபை ஒன்றிலேயே அடங்கியிருந்தன.

இத்தகைய நம்பிக்கை எப்போதும் காக்கப்பட்டதா? இல்லை என்பதையும் கல்வெட்டே சொல்கின்றது. 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அரசனுடைய அதிகாரி ஒருவர் இப்பகுதியில் கோயிற் காரியங்களை ஆராய்ந்தார். திருமுண்டியம் என்னும் ஊரின் சபையார், கற்பூர விளக்கு ஒன்று உட்பட 24 விளக்குகள் எரிப்பதாகப் பொன் பெற்றிருந்தனர். எரிந்தவையோ இரண்டே! பொன்னைக் கோயிற் பண்டாரத்தில் ஒப்புவிக்கவும், கோயிலாரே விளக்குகளை எரித்து வரவும் ஆணை பிறந்தது.

முன்னோர் எல்லாரும் குற்றமற்றவர் என்று மேடையில் முழங்குவோர்க்கு இச்செய்தி கசக்கலாம். நமக்கோ இது பெருமை தருவதாகவே தோன்றுகின்றது. தவறு நேராத ஆட்சி எங்கும் இல்லை. தவறு கணக்கில் அகப்படுவதும், அகப்பட்டதை மறைக்காமல் கல்லில் வெட்டி வைப்பதுமே அரிய செயல்கள்.

கணக்கில் பிழை நேராதிருக்கச் சபையார் வகுத்த விதிகளை அறிய, அதே தொண்டை மண்டலத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூருக்குச் செல்லல் வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919ஆம் ஆண்டில் அச்சபை ஒரு சட்டம் வகுத்தது. இரண்டே ஆண்டில், 921இல், அதனைத் திருத்தியது. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டுமென்பது விதி. ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் என அமைந்தனர். பதவிக் காலம் 360 நாள்.

குடவோலையைப் புகழ்ந்து பேசுவோர் பலர். ஆயின் அச்சட்டத்தின் கூர்மையான பகுதி வேறு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியவன் ஆகான். அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை. கணக்கெழுதுவோனும் தன் கணக்கைத் தானே காட்டித் தூயவன் எனப்பெற்ற பின்னரே மறுபடியும் எழுத முடியும். கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர் இதன் கடுமையையும் நியாயத்தையும் எளிதில் உணர்வோம்.

அச்சபையின் குறையையும் சொல்லாமல் விடலாகாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவனுக்கும் பெண்டிர்க்கும் அதில் குரல் இல்லை. இவ்வகையில் நம் காலம் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் பஞ்சாயத்து ராஜ் 1959இல் தொடங்கிற்று. பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1984இல் ஒழிந்தன. ஊர்க்கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலை மாறிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பெண்டிர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடங்களை உறுதி செய்தது. வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆயினர். ஆண்டுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் அதன்முன் வைக்கப்படல் வேண்டுமென்பது சட்டம்.

உத்தரமேரூரார் ஒரு சிலர்க்கே அளித்த உரிமை இன்று எல்லார்க்கும் கிடைத்துள்ளது. ஆனால் அதனைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? வாக்களிக்க வரிசையில் நிற்கும் நாம், கணக்கு வாசிக்கும் நாளில் வேலை இருப்பதாகச் சொல்லி வீட்டில் இருந்துவிடுகின்றோம். ஒரு நாள் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற 364 நாளும் கண்மூடியிருப்பின், ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை யார் அறிவார்?

இது கிராமத்தார்க்கு மட்டும் உரிய பாடமன்று. பிறந்த ஊரை விட்டு வந்து, காலனியில் கூடி, சந்தா செலுத்திச் சங்கம் நடத்தும் நமக்கும் உரியது. ஆண்டு விழாவுக்குத் திரளும் கூட்டம், வரவு செலவு வாசிக்கும் பொதுக்குழுவுக்கும் திரளல் வேண்டும். செயலாளரும் பொருளாளரும் கேள்வியை இகழ்ச்சியாகக் கொள்ளலாகாது; கேட்பவரும் அதனைப் பகையாகக் கேட்கலாகாது. பிள்ளைகளையும் அக்கூட்டத்திற்கு உடன் அழைத்து வருதல் நலம். பொதுப்பணம் எப்படிப் பேசப்படுகின்றது என்பதை அவர்கள் நம்மிடமிருந்தே கற்றல் வேண்டும்.

திருமுண்டியத்தில் 22 விளக்குகள் எரியவில்லை என்பது எண்ணிப் பார்த்ததனாலேயே வெளிப்பட்டது. எண்ணிப் பார்ப்பதே குடிமக்கள் கடன்.