கட்டவுட்டும் பாட்டரியும்

மோட்டார் வண்டிக்குள் பாட்டரி குடிபுகுந்த அன்றே, வண்டி சும்மா நிற்கும்போது அது தானாகக் காலியாகிவிடாமல் காப்பது எப்படி என்ற விசாரமும் கூடவே குடிபுகுந்துவிட்டது. அதற்கு முந்திய வண்டிகளில் விளக்குகள் பெரும்பாலும் கார்பைடுக் கல்லில் நீர் சொட்டி எழும் வாயுவைக் கொண்டே எரிந்தன. இஞ்சினுக்குள் பொறியெழுப்பும் காரியத்தைப் பல வண்டிகளில் மாக்னெட்டோ கவனித்துக்கொண்டது. வண்டியைக் கிளப்புவதோ, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றும் மனிதனுடைய தோள்வலிமையைப் பொறுத்ததாயிருந்தது. அந்தக் கைப்பிடி சில சமயம் எதிர்த்துத் திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும் என்பது அந்நாளில் பிரசித்தமான அபாயம்.

அமெரிக்காவில் டேட்டன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங், கடைகளின் கல்லாப்பெட்டி யந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திப் பெயர் பெற்றவர். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிக்கு அவர் அமைத்துக்கொடுத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் அந்த அபாயத்தைப் போக்கிற்று. ஆனால் அதற்கு விலையாகக் கனத்த ஈயப் பாட்டரியையும், ஓட்டத்தின்போது அதற்குச் சக்தியூட்டும் டைனமோவையும் வண்டி சுமக்க நேர்ந்தது.

டைனமோவிடம் ஒரு விசித்திர குணம் உண்டு. சுழற்றினால் மின்சாரம் தரும் அதே யந்திரம், மின்சாரத்தைக் கொடுத்தால் தானே சுழல முற்படும். இஞ்சின் வேகமாக ஓடும்போது டைனமோவின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தை மிஞ்சி நிற்பதால் பிரவாகம் பாட்டரியை நோக்கிச் செல்கிறது. வேகம் தணிந்தாலோ, இஞ்சின் நின்றாலோ, பாட்டரியின் கை ஓங்கி, சேர்த்துவைத்த சக்தியெல்லாம் வந்த வழியே திரும்பிப் பாய்ந்து, பெல்ட்டினால் பிணைக்கப்பட்டுச் சுழல மாட்டாத ஆர்மேச்சரைச் சூடேற்றிக் கருக்கிவிடும். கால்வாயின் மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்வரை திறந்திருந்து, தாழ்ந்த கணமே தானாக அடைத்துக்கொள்ளும் மதகு ஒன்று இடையில் வேண்டியிருந்தது.

இந்தச் சங்கடத்தை மோட்டார்க்காரர்களுக்கு முன்பே ரயில்காரர்கள் அனுபவித்து அறிந்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்டிலிருந்த ஜே. ஸ்டோன் கம்பெனியார் ரயில் பெட்டியின் அச்சிலிருந்து பெல்ட் மூலம் டைனமோவை ஓட்டி விளக்கெரிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, வேகம் ஏறியதும் விலகியெழும் எடைகள் பாட்டரியை இணைக்கவும், வேகம் இறங்கியதும் பிரித்துவிடவும் ஏற்பாடு செய்திருந்தனர். நம் நாட்டு ரயில் பெட்டிகளின் அடியிலும் இத்தகைய டைனமோக்கள் நெடுங்காலம் தொங்கின.

மோட்டார் வண்டியில் அந்த ஸ்தானத்தை வகித்தது ரிலே. தந்திக் கம்பியில் தேய்ந்துவரும் செய்திக்குப் புத்துயிர் கொடுத்து மேலே அனுப்பப் பிறந்த சாதனம், இங்கே காவற்காரனாக உத்தியோகம் பெற்றது. நம் எலெக்ட்ரீஷியன்கள் அதைக் கட்டவுட் என்றே வழங்கிவந்தார்கள். ஓர் இரும்புத் தண்டின்மேல் இரு கம்பிச்சுருள்கள்: மெல்லிய கம்பியில் பல சுற்றுகளாக அமைந்த ஒன்று டைனமோவின் அழுத்தத்தை ஓயாமல் நோட்டமிட்டுக்கொண்டிருக்கும், தடித்த கம்பியில் சில சுற்றுகளே கொண்ட மற்றொன்றின் வழியாகத்தான் பாட்டரிக்குப் போகும் பிரவாகம் முழுவதும் செல்லும். லூகாஸ் கம்பெனியாரின் 12 வோல்ட் அமைப்பில் அழுத்தம் ஏறத்தாழ 13 வோல்ட்டை எட்டியதும், காந்தம் இழுக்க, பாட்டரியை இணைக்கும் பாயிண்ட் சேரும். பிறகு இஞ்சின் தளர்ந்து பிரவாகம் திரும்பினால், தடித்த சுருளின் காந்தம் மெல்லிய சுருளின் காந்தத்துக்கு விரோதமாகி, பாயிண்டை விலக்கப் பார்க்கும் வில் வென்று அது பிரிந்துவிடும். திருட வரும் மின்சாரத்தைக் கொண்டே கதவைச் சாத்தவைத்த இந்த யுக்தியைக் காட்டிலும் அழகானதை மோட்டார் வண்டி முழுவதிலும் நான் கண்டதில்லை.

ஆயினும் காவற்காரனும் கண்ணயர்வதுண்டு. பாயிண்டுகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்த பிறகும் ஆம்மீட்டரின் முள் இறக்கப் பக்கம் சாய்ந்தே நிற்கும். அனுபவசாலியான டிரைவர் அதைக் கண்டவுடன் வேறொன்றையும் யோசிக்காமல் பாட்டரியின் கம்பியைக் கழற்றுவான். அந்தப் பாயிண்டுகளைத் துலக்க மெல்லிய கண்ணாடித்தூள் தாளைத்தான் உபயோகிக்க வேண்டும், எமரித் துணி ஆகாது என்பது லூகாஸ் கம்பெனியாரின் கண்டிப்பான விதி. அவசரத்தில் அதை யார் பொருட்படுத்தினார்கள்! 1961-இல் சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தோன்றிய காலத்தில் அம்பாஸடர் வண்டிகள் டைனமோவும் கட்டவுட்டுமாகவே ஓடிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவிலோ அதற்குள் காற்றுத் திசைமாறிவிட்டது. 1960-ஆம் ஆண்டின் வாலியண்ட் வண்டியில் கிரைஸ்லர் கம்பெனியார் டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டரை வைத்தார்கள். அதனுள்ளிருக்கும் சிலிக்கான் டயோடுகள் பிரவாகத்தை ஒரே திசையில்தான் விடுமாதலால், கட்டவுட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று.

காவல் உத்தியோகம் போனாலும் ரிலே வண்டியை விட்டுப் போகவில்லை. ஹாரனுக்கு ஒன்று, முன்விளக்குக்கு ஒன்று, ரேடியேட்டர் விசிறிக்கு ஒன்று என்று அதன் சந்ததி பெருகி, முன்பு பாட்டரியைக் காத்த குலமே அதை உறிஞ்சும் குலமாயிற்று. இக்கால ரிலேயின் சுருள் சுமார் 0.15 ஆம்பியர் குடிக்கும். மறதியால் உயிரோடு விடப்பட்ட ஒரே ரிலே 45 ஆம்பியர்-மணிப் பாட்டரியை இரண்டு வாரத்துக்குள் வற்றவைக்கப் போதுமானது. ஆகவேதான், வண்டி நிற்கும்போது தேவைப்படாத ரிலேக்களின் சுருளுக்கு நேராகப் பாட்டரியிலிருந்து இணைப்புக் கொடாமல், சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அப்படியும் காரணம் தெரியாமல் பாட்டரி இறங்கினால், நின்று நெடுநேரமான வண்டியின் ரிலேக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இளஞ்சூடாக இருப்பதை முதலில் பிடுங்கிச் சோதிப்பது இன்றும் எலெக்ட்ரீஷியன்கள் கையாளும் முறை.