எது பெரிய புயல்? குலசேகரன்பட்டினக் கரையிலிருந்து ஒரு கணக்கு

தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியவற்றில் பெரிய புயல் எது என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே ‘தனுஷ்கோடி’ என்று பதில் வந்துவிடும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த அந்தப் புயல், பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயிலை அதிலிருந்தவர்களோடு விழுங்கியது. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126ஐப் பெயர்த்துப் போட்டது. ஓர் ஊர் இனி மனிதர் வாழத் தகாதது என்று அரசே அறிவிக்கும்படி செய்தது. இலங்கையிலும் இந்தியாவிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள். ராமேசுவரம் தீவைப் பொறுத்தவரை இந்தப் பதிலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே பதிலை அப்படியே தெற்கே தூக்கி வந்து, புன்னைக்காயலிலிருந்து காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை நீளும் கரைக்கும் பொருத்தினால் கணக்கு தப்பாகிறது. இந்தக் கரைக்கு நான் முதலிடம் கொடுப்பது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்கு. அதற்குப் பெயர் கிடையாது. வானிலைத் துறையின் கணக்கில் அது புயலே கிடையாது.

கிடையாது என்பது எப்படி? நம் புயல் வரிசை முழுக்கக் காற்றின் வேகத்தால் ஆனது. மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், அதற்கு மேல் தீவிரம், அதிதீவிரம் என்று படிகள் ஏறும். புயல் என்ற படிக்கு வந்தால்தான் பெயர். 2023 டிசம்பரில் குமரிக்கடல் பகுதியில் இருந்தது வெறும் மேலடுக்குச் சுழற்சி. முதல் படியில்கூட அது கால் வைக்கவில்லை. ஆனால் நகராமல் நின்ற இடத்திலேயே நின்று, கிழக்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்து இழுத்துக் கொட்டியது. 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. ஆண்டு முழுவதற்குமே 65 செ.மீ. அளவில்தான் மழை பெறும் தூத்துக்குடி மாவட்டம் இது. காற்றை விட்டு மழையால் அளந்தாலும் சிக்கல் தீரவில்லை. மழைக்கான படிகளில் உச்சியில் இருப்பது அதிகனமழை; 20 செ.மீ.க்குச் சற்று மேலே அது தொடங்குகிறது, அதற்கு மேல் படியே இல்லை. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே சிவப்பு எச்சரிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னறிவிப்பு போதவில்லை என்று மாநில அரசும், எச்சரித்தோம் என்று வானிலைத் துறையும் அப்போது வாதிட்டுக்கொண்டதன் அடியில் இந்த அளவுகோல் கோளாறுதான் இருந்தது என்று நினைக்கிறேன். இரு தரப்பும் அவரவர் வழியில் உண்மையே பேசியிருக்கலாம்.

அந்த 95 செ.மீ. எவ்வளவு என்பதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானி ஒன்றில் இந்த மழை முழுவதும் சேர்ந்தால் 19 லிட்டர் வரும். ஒரு குடம் நிரம்பி வழியும். அந்த வாயோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. இதையே ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 95 கோடி லிட்டர். மலையில் இவ்வளவு பெய்தால் ஓடிவிடும். கடலுக்குச் சில அடி உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் வயலிலும் உப்பளப் பாத்தியிலும் வாழைத் தோட்டத்திலும் பெய்தால் அது எங்கே போகும்?

எதை அளவுகோலாக வைப்பது என்ற இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. குளிர்காலப் பனிப்புயல்களை வரிசைப்படுத்த முயன்ற அமெரிக்கர்கள் இதில் நம்மைவிட அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள். 1888 மார்ச்சில் நியூயார்க்கை முடக்கி 400க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பனிப்புயல்தான் வெகுகாலம் அவர்களுக்குப் பெரிய புயல். பால் கோசின், லூயி உச்செலினி என்ற இரு வானிலை அறிஞர்கள் 2004இல் ஒரு குறியீட்டெண்ணை வெளியிட்டார்கள். எவ்வளவு பனி, எவ்வளவு பரப்பில், அந்தப் பரப்பில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அதன்படி 1993 மார்ச் பனிப்புயல் முதலிடத்துக்கு வந்தது. 1888 கீழே போனது. ஆட்கள் இல்லாத காட்டில் ஆள் உயரம் பனி விழுந்தாலும் இந்தக் கணக்கில் அது சிறிய புயல்தான். இறந்தவர்களை மட்டும் எண்ணினால் இந்த இரண்டையும் தாண்டி, 1972 பிப்ரவரியில் ஈரானில் சுமார் 4,000 பேரைக் கொன்ற பனி முன்னே வந்து நிற்கும். அந்த இரு அறிஞர்களிடமும் நான் மதிப்பது ஒன்றுதான்: வடகிழக்கு அமெரிக்காவுக்கு மட்டும் செய்த அளவுகோல் என்று அதன் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஊர் எது என்று முதலில் சொல்லாமல் புயலுக்கு வரிசை எண் கொடுக்க முடியாது.

இந்தக் கரை எப்படிப்பட்டது? முன்னால் மன்னார் வளைகுடா, அதற்கு அப்பால் மறைப்பாக இலங்கை. வங்கக்கடல் புயல் முழு வேகத்தோடு நேரே இங்கு வந்து மோதுவது அரிது. பெரும்பாலும் இலங்கை அதன் பற்களைப் பிடுங்கித்தான் அனுப்பும். 1978 நவம்பர் புயலில் இலங்கையின் மட்டக்களப்பு பட்ட பாடு இதற்குச் சாட்சி. இங்கே ஆபத்து முதுகுப் பக்கம் இருந்து வருகிறது. பொதிகையில் தொடங்கும் தாமிரபரணி, அதன் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும், அவை நிரப்பும் கோரம்பள்ளம், கடம்பா முதலிய குளங்கள், ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து என்று கோத்துக்கொண்டு போகும் சங்கிலி. இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை வைத்துப் பார்த்தாலும் துறைமுகங்களை வாழவைத்ததும் கெடுத்ததும் இந்தப் பின்பக்கத்துத் தண்ணீர்தான். சங்ககாலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. மார்க்கோ போலோ பேசும் காயலும் கரையை இழந்தது. பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் ஒவ்வொரு துறையாகத் தூர்த்துக்கொண்டே போயிற்று. கடற்காற்று இடித்துத் தள்ளிய துறைமுகம் என்று இந்த வரிசையில் ஒன்றையும் காணோம்.

அப்படியானால் பழைய ஆவணங்களில் இந்த வெள்ளங்கள் ஏன் பெரிதாகத் தெரியவில்லை என்று கேட்கலாம். யார் எதற்காக எழுதினார்கள் என்பதில் பதில் இருக்கிறது. இக்கரையைப் பற்றி விடாமல் எழுதப்பட்ட கணக்கு முத்துக்குளிப்புக் கணக்கு. போர்ச்சுக்கீசியர், 1658க்குப் பிறகு டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் எல்லோருடைய கண்ணும் முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பார்களின் மேல்தான் இருந்தது. குளிப்பு நடந்ததோ கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை வாக்கில். ஐப்பசியிலும் மார்கழியிலும் என்ன நடந்தது என்பது, சிப்பி இருக்கவேண்டிய பாரில் சிப்பி இல்லை என்ற ஒற்றைச் செய்தியாகத்தான் கணக்கில் ஏறும். நீரோட்டமா, மேலே மூடிய மணலா, சிப்பியைத் தின்னும் மீனா என்று காரணம் தேடுவார்கள். குளம் உடைந்து போன குடியானவன் அதில் வரமாட்டான். 1961இல் நடந்த குளிப்போடு அந்தக் கணக்கும் நின்றுவிட்டது. குலசேகரன்பட்டினத்திலோ உப்பும் கருப்பட்டியும் எண்ணப்பட்டன. பாரி கம்பெனி சர்க்கரை ஆலைக்காகத் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் சிறு ரயிலே ஓடியது. சரக்கு உள்ளவர்கள் எழுதினார்கள், சரக்கை எழுதினார்கள்.

அருகிலிருப்பது பெரிதாகத் தெரியும், நேற்றைய வெள்ளத்துக்கு முதலிடம் கொடுப்பது மறதிதானே என்ற ஆட்சேபம் வலுவானது. 1992 நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சியில் பதிவானது 96.5 செ.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் காயல்பட்டினம் இரண்டாவது. ஆனால் கக்காச்சி மலை உச்சி. அங்கே பெய்த மழை ஆறும் அணைகளும் வழியாக வெள்ளமாகக் கீழே வந்து, கரையோர ஊர்களை இரவோடு இரவாக அடித்து, ஆற்றின் தடத்திலேயே கடலுக்குப் போயிற்று. 2023இல் தடம் என்ற ஒன்றே இல்லை. ஆற்றில் வந்த வெள்ளம் போதாதென்று வானமே சமவெளி மேல் இறங்கியது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பின. ஒரு குளத்தின் உடைப்பைத் தாங்க அடுத்த குளத்தில் இடமில்லை. ஏரலும் ஆத்தூரும் ஸ்ரீவைகுண்டமும் நாட்கணக்கில் தீவுகளாயின. ஏறக்குறைய ஒரே எண்; இரண்டும் வேறு வேறு ஆபத்துகள். 1992க்கு இரண்டாம் இடம் கொடுக்கிறேன். அதற்கு முந்தைய மழைகளில் இதைவிடப் பெரியது இருந்திருக்கலாம். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலேயே வெள்ளமும் கொள்ளைநோயும் வருகின்றன. அளவு இல்லாததை வரிசையில் சேர்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆட்சேபம் உயிர்ச்சேதம். 1964ஓடு ஒப்பிட்டால் 2023இல் மாண்டவர்கள் மிகக் குறைவு. பிறகு எப்படி முதலிடம்? இதற்கு இரண்டு ரயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 1964இல் தனுஷ்கோடிக்கு அருகே சிக்னல் கிடைக்காமல் நின்ற ரயில், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே நகர்ந்தது. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி முழுக்க அரித்துப் போயிருந்தது; தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அதில் இருந்த சுமார் 800 பேரும் பிழைத்தார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடே மூழ்கிக் கிடந்த நிலையில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். நிலைய அதிகாரி அன்று பச்சைக்கொடி காட்டியிருந்தால் நம் பட்டியலே மாறியிருக்கும், மழை ஒரு சொட்டு கூடியிருக்காது. இறந்தவர் எண்ணிக்கை, எச்சரிக்கையையும் ஓர் ஆளின் நிதானத்தையும் அளக்கிறது. புயலை அளப்பது குறைவு.

ஒக்கியை விட்டுவிட முடியாது. 2017 நவம்பர் 30 வாக்கில் குமரிக்குத் தெற்கே திடீரென வலுத்த அந்தப் புயலில் கடலுக்குப் போன மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. ஆனால் பலநாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்குத்தான் பேரிழப்பு. தூத்துக்குடி விசைப்படகுகள் காலையில் போய் அன்றிரவே கரை சேரும் ஏற்பாட்டில் ஓடுபவை. கடலில் இருப்பவனுக்குக் காற்றின் படிகள் வாழ்வும் சாவும்தான். அந்த அளவுகோலை யாரும் தூக்கியெறிய வேண்டாம். கடலுக்கு ஒரு பட்டியல், கரைக்கு ஒரு பட்டியல் என்று இரண்டாகப் போட்டால் ஒக்கி முதலாவதில் தலையில் நிற்கும்.

கரைப் பட்டியல் தனியாகத் தேவைப்படுவது நினைவஞ்சலிக்கு அல்ல. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து ராக்கெட்டைத் தெற்கு நோக்கி விட்டால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டாம் என்பது இந்த இடத்தின் தகுதி. இங்குள்ள தேரி என்னும் செம்மணல் மேடு தண்ணீரைக் குடித்துவிடும், ஆகவே இங்கே வெள்ள பயம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. செம்மணல் குடிக்கும், உண்மை. அதன் இரு ஓரமும் குடிக்காது. வடக்கே தாமிரபரணிக் குளங்கள், தெற்கே பல வருஷம் மணலாகவே கிடந்து மழைக்கு மட்டும் ஆறாகி மணப்பாட்டில் கடலில் சேரும் கருமேனியாறு. கிழக்குக் கடற்கரைச் சாலை கரைக்கு இணையாகப் போவதால், மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அதுவே நீளமான ஓர் அணை. அந்தச் சாலையின் பாலங்களுக்கு எத்தனை கண் வைப்பது என்று கணக்குப் போடும் பொறியாளருக்கு தனுஷ்கோடியின் காற்று வேகத்தால் ஒரு பயனும் இல்லை. காயல்பட்டினத்து மழைக் கணக்கைத்தான் அவர் மேசையில் வைக்க வேண்டும்.