தமுக்கும் ரேடியோவும் கம்மாய்க்கரையும்

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மாணவர்களுக்குக் கரிசலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும். பெய்தால் கம்மாய் பெருகும். இல்லையென்றால் வானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். இப்படிப்பட்ட சீமைக்கு விவசாயச் சேதி எப்படி வந்தது, ஊர் சொன்ன பதில் யார் காதில் விழுந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் சேதி என்றால் தமுக்கு. "நாளைக்கு வரத்துக்கால் வெட்டு, வீட்டுக்கு ஒரு ஆள்" என்று சாட்டினால் மண்வெட்டியோடு போயாக வேண்டும். குடிமராமத்து என்று இதைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் 1858-லேயே சென்னை மாகாணத்தில் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்ததே! எல்லாரும் மனமுவந்து வந்திருந்தால் சட்டம் எதற்கு? தமுக்கடித்தவரும் மடை திறந்த நீர்பாய்ச்சியும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். சேதி சொல்ல அவர்கள் வேண்டும். யோசனை சொல்ல மட்டும் வேண்டாம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மாஸ் 2003-ல் வெளியிட்ட நூலும், ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருந்த சாதியையும் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டுகிறது.

1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவக்குகள் வந்தார்கள். பின்னாலேயே ரேடியோவும் வந்தது. 1956-ல் பூனா வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தின. நிகழ்ச்சியைக் கேட்டு, கூடிப் பேசி, சந்தேகத்தை நிலையத்துக்கே எழுதி அனுப்பினார்கள் விவசாயிகள். காதுக்கு மட்டுமல்ல, வாய்க்கும் வேலை!

அறுபதுகளில் திருச்சி வானொலி ஆடுதுறை 27-ஐப் பரப்பியபோது தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே காவிரி இருந்தது. நமக்கு?

1901-ல் தோன்றிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் நம் போன்ற மானாவாரி நிலத்துக்கென்றே உழைத்தது. விதையைப் பக்குவப்படுத்தி, மழைக்கு முன்பே விதைத்துவிடச் சொன்னார்கள் விஞ்ஞானிகள். நல்ல யோசனைதான். "தூத்தல்ல முளைச்சுக் காஞ்சு போச்சுன்னா வெதைக்காசு யாரு குடுப்பா?" என்று ஒரு சம்சாரி கேட்டால் ரேடியோப் பெட்டியா பதில் சொல்லும்? எதிரே உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

கண்மாய்க்கும் இதே கதைதான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் பொதுப்பணித்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்தார்கள்; ஊர் ஒதுங்கிக்கொண்டது. 1984-ல் ஐரோப்பிய நிதியில் கண்மாய்ச் சீரமைப்பு, 1992-ல் மதுரையிலிருந்து தொடங்கிய வயலகம் முயற்சி, 2017-ல் மீண்டும் குடிமராமத்து என்று வரிசையாக வந்தன. கடைசித் திட்டத்தில் விவசாயிகள் பங்கு 10 சதவீதம். வயலகத்தை நான் மதிப்பதற்குக் காரணம், கரையைத் தொடுமுன் ஊரைக் கூட்டிச் சங்கம் அமைத்ததுதான். இருந்தாலும் பாசன சங்கம் என்றால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர் பேச்சுத்தான் எடுபடுகிறது. களையெடுக்கும் பெண்ணுக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் கம்மாய்த் தண்ணீர் வேண்டாமா?

2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதைத் தடை செய்யுமாறு தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி போதும் என்றார். தமுக்கடித்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். கம்மாய்க் கணக்கு, மடை முறை, மீன் ஏலம் எழுதிய பழைய நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், கரையான் அரிக்குமுன் ஒரு நகல் எடுத்து வரலாற்றுத்துறையில் கொடுங்கள். நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர்கள் இருந்தால் மாணவர்கள் இந்த லீவிலேயே போய்ப் பேச்சைப் பதிவு செய்யலாம்.